சுரங்க எஞ்சினுக்கு ஹோஸ் மாட்டிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க உடைந்த டிஸ்ப்ளே, தளர்ந்த சார்ஜிங் பின், தண்ணீரில் விழுந்த போன். ராத்திரி எட்டரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும் அதே மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ரயில் எஞ்சின் வந்து உட்காரும். இந்த முறை வந்தது அமெரிக்க டீசல் எஞ்சின் மாடல் ஒன்று. தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடித்து, எழுத்தும் அச்சிட்டு வந்தது. அந்தப் பெயின்ட்டைக் கெடுக்காமல் கூடுதல் பாகங்கள் சேர்க்க வேண்டும் என்பதுதான் வேலை. என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், எதைத் தொடாமல் விட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

மாடலின் சொந்தக்காரர் கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில் செய்பவர். தொண்ணூறுகளில் சில வருஷம் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்திருக்கிறார். விடுமுறை நாளில் மற்றவர்கள் கடற்கரைக்குப் போனால் இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோஸ்வில் ரயில் யார்டுக்குப் போவாராம். கிருஷ்ணகிரி ஊருக்கு இன்று ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த குறுகிய பாதையை எப்போதோ மூடிவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, மனுஷன் வீட்டு மாடியிலேயே ரயில் விட்டிருக்கிறார்.

வந்தது என்ன

எச்ஓ அளவு மாடல், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நிஜ எஞ்சின் ஈஎம்டி நிறுவனத்தின் எஸ்டி40டி-2. 3000 குதிரைத்திறன், ஆறு அச்சு. 1974 முதல் 1980 வரை செய்தார்கள். ரயில் பிரியர்கள் இதைச் செல்லமாக ‘டனல் மோட்டார்’ என்பார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. சதர்ன் பசிபிக் கம்பெனியின் வண்டிகள் சியரா மலையில் டானர் கணவாய் வழியாக ஏறும்போது வரிசையாகச் சுரங்கங்களும், பனி விழாமல் இருக்கக் கட்டிய நீளக் கொட்டகைகளும் வரும். முன் எஞ்சின்கள் கக்கும் சூடான புகை கூரைப் பக்கம் தேங்கி நிற்கும். பின்னால் வரும் எஞ்சின்கள் அந்தச் சூட்டையே ரேடியேட்டருக்கு இழுத்து, கொதித்துப்போய்ச் சக்தி இழக்கும். அதற்குத்தான் இந்த வகையில் காற்று இழுக்கும் வாயைக் கீழே, நடைபாதை மட்டத்துக்கு இறக்கினார்கள். பின்பகுதியில் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும்.

நிஜத்தில் 70 அடி 8 அங்குலம். மாடலில் 247 மி.மீ., என் ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பு அடர்ந்த சாம்பல், மூக்கு சிவப்பு. பெயின்ட் அவ்வளவு மெல்லிசு; கதவின் கீல், தாழ்ப்பாள் எல்லாம் அடைபடாமல் தெரிந்தது. ‘சதர்ன் பசிபிக்’ என்ற எழுத்தின் ஓரம் இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. இதைச் சுரண்டிவிட்டு நானே புதிதாக அடித்தால் இந்தத் தரம் வராது. அந்த அளவுக்கு என் கை எனக்குத் தெரியும். அதனால் முழுசாக மறுபெயின்ட் என்ற பேச்சையே முதல் நாளில் முடித்துவிட்டேன்.

குறைகள் வேறு மாதிரி. மூக்கில் பிடிகம்பிகள் இல்லை. அவை வர வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் குழி மட்டும். முன்னும் பின்னும் காற்றுக் குழாய் (ஹோஸ்) ஒன்றுகூட இல்லை. கப்ளரை, அதாவது வண்டிகளை இணைக்கும் கொக்கியை, கழற்றும் நெம்புகோல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் எழுபதுகளின் கோலத்தில் இருந்தது. அவர் கேட்டதோ 1996.

ஒரு படம், ஒரு பக்கம்

அவர் கொண்டுவந்த படம் 1996 கோடையில் ரோஸ்வில்லில் எடுத்தது. அந்த வருஷம் செப்டம்பரிலேயே சதர்ன் பசிபிக் யூனியன் பசிபிக்கோடு இணைந்துவிட்டது. ஆக, கம்பெனியின் கடைசிக் கோடை அது. எஞ்சினின் முகமும் வலது பக்கமும் படத்தில் தெளிவாக இருந்தன. இடது பக்கம் இல்லை.

இந்த வேலையில் பலரும் தப்பு செய்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பாகங்கள் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன, கை துறுதுறுவென்று இருக்கும், எல்லாவற்றையும் ஒட்டிவிடத் தோன்றும். ஆனால் நிஜ எஞ்சின்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இந்த வகையிலேயே சில தொகுதிகளுக்கு மூக்கு நீளம். தூரக் கட்டுப்பாட்டுக் கருவியை உள்ளே வைக்க நீட்டினார்கள். விளக்கு மாறும், ஹாரன் இடம் மாறும், ஆன்டெனா மாறும். ஒரு எண்ணுக்கு, ஒரு வருஷத்துக்கு எது உண்மையோ அதுதான் பாகம். மற்றதெல்லாம் அலங்காரம்.

படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது மூக்கு. சதர்ன் பசிபிக் எஞ்சின்களுக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது: சாதாரண முகப்பு விளக்கு போதாதென்று ஆடும் விளக்குகள் வைத்திருந்தார்கள். வெள்ளை விளக்கு எதிரே வருபவர் கண்ணில் படுவதற்காகச் சுழன்று ஆடும். சிவப்பு விளக்கு, அவசர பிரேக் விழுந்தால் தானாக எரியும். பிற்காலத்தில் இவற்றை நிறுத்திவிட்டு, இருந்த இடத்தைத் தகடு போட்டு மூடினார்கள். படத்தில் மூடியிருந்தது. மாடலில் ஜம்மென்று எரிந்தது. அதற்குப் பதிலாகப் படத்தில் முன்பக்கம் கீழே இருக்கும் பைலட் தகட்டின் இரு ஓரத்திலும் டிச் லைட் என்ற துணை விளக்கு இருந்தது. லெவல் கிராசிங்கில் எஞ்சின் மூன்று புள்ளி வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று அமெரிக்க அரசு 1997 முடிவுக்குள் கெடு வைத்திருந்த காலம் அது.

இடது பக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். “படம் இல்லாத பக்கத்தை நான் தொட மாட்டேன் சார்” என்றேன். நம்பர் மட்டும் மாறும், மற்றபடி தொழிற்சாலை விட்டபடியே இருக்கும். கொஞ்சம் முகம் சுருங்கினாலும் சரி என்றார்.

துளை

பெயின்ட் அடித்த உடம்பில் துளை போடுவதற்கு முன்னால் வரிசையை முடிவு செய்துகொள்ள வேண்டும். என் வரிசை: எல்லாத் துளையும் முதலில், பிறகு எல்லாப் பாகத்தையும் பசையில்லாமல் செருகிப் பார்ப்பது, கழற்றி வெளியே வைத்துப் பெயின்ட் அடிப்பது, காய்ந்ததும் மறுபடி செருகி, உடம்பின் உள்பக்கத்திலிருந்து பசை வைப்பது. இந்தக் கடைசிப் படிதான் உயிர். வெளியே பசை வைத்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பளபளப்பு வளையம் நிற்கும். உள்ளே வைத்தால் எவ்வளவு அசிங்கமாக வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

நிஜப் பிடிகம்பி முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குல கனம். 87-ஆல் வகுத்தால் 0.22-லிருந்து 0.29 மி.மீ. வரை வருகிறது. நான் எடுத்தது 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி. கிட்டாரின் முதல் தந்தியையும் முயன்று பார்த்தேன். கனம் பொருந்துகிறது, ஆனால் எஃகு என்பதால் வளைத்த மூலை கூர்மையாக நிற்காது, பிறகு துருவும் பிடிக்கும். பிடிகம்பியின் அகலம் நிஜத்தில் 18 அங்குலம், மாடலில் 5.25 மி.மீ. பழைய ஏடிஎம் கார்டில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் கம்பியை மடித்தால் கம்பியின் கனமும் சேர்ந்து நடுவுக்கு நடு சரியாக வந்துவிடும். ஒரே பட்டையில் மடித்ததால் எல்லாம் ஒரே அளவு.

துளைக்கருவி வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போனேன். (சதர்ன் பசிபிக்கின் சுருக்கமும் எஸ்.பி.தான். அவருக்குச் சொன்னபோது அன்று முழுக்கச் சிரித்தார்.) சர்க்யூட் போர்டில் துளை போடும் கார்பைட் பிட்கள் அங்கே மலிவு. 0.3, 0.4 இரண்டிலும் ஒரு டப்பா வாங்கினேன். அது தப்பு. கார்பைட் மிகக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மெஷினில் நேராக நின்று சுழன்றால்தான் தாங்கும். விரலால் உருட்டும் பின் வைஸில் மாட்டியதும் மூன்றாவது துளையிலேயே ‘டிக்’ என்றது. நுனி மூக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. நல்லவேளையாக உள்பக்கம் லேசாக நீட்டிக்கொண்டிருந்ததால் ஊசியால் பின்னுக்குத் தள்ளி எடுக்க முடிந்தது. அதன்பிறகு கைக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் மட்டும்தான். அது வளையும், எச்சரிக்கும், உடனே உடையாது.

துளை போடும் இடத்தில் பிடிமானம் குறைந்த மாஸ்கிங் டேப் ஒரு துண்டு. அதையும் முதலில் சட்டையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துவிடுவேன். பசை பாதி போய்விட்டால் பெயின்ட்டைப் பிடுங்காது. டேப்புக்கு மேலேயே ஊசியால் ஒரு புள்ளி, பிட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பிட் வழுக்கினாலும் கீறல் டேப்பில்தான் விழும். துளையின் வாயில் பெயின்ட் செதிலாக எழும்பாமல் டேப் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

“ஹோஸ் எங்க தம்பி?”

இந்தக் கட்டத்தில்தான் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்ட வந்தார். சேலம்-பெங்களூர் வழியில் வருஷக்கணக்காக டீசல் ஓட்டியவர். மேஜையில் கிடந்ததைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இது ஓடுற எஞ்சினா, பொம்மையா தம்பி?”

“மாடல்ங்க சார். ஓடும்.”

“ஓடுமா? அப்ப ஹோஸ் எங்க தம்பி? இது எதை வச்சு பிரேக் புடிக்கும்?”

இன்னும் மாட்டவில்லை என்று சொல்லி, படத்தைக் காட்டினேன். கப்ளர் பக்கத்தில் பிரேக் பைப் ஒன்று, இரு பக்கமும் மூன்று மூன்றாக எம்.யூ. குழாய்கள். ஒரு ஓட்டுநர் பல எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டும்போது காற்று போகிற குழாய்கள் அவை. “எங்க வண்டியிலயும் இருந்தது” என்றார். நம் ஊரில் பி.பி. (பிரேக் பைப்), எஃப்.பி. (ஃபீட் பைப்) என்று இரட்டைக் குழாய், பி.பி.-யில் 5 கிலோ, எஃப்.பி.-யில் 6 கிலோ அழுத்தம், அடையாளத்துக்குப் பச்சை, வெள்ளை. அமெரிக்கச் சரக்கு வண்டியில் ஒற்றை பிரேக் பைப்தான் என்றதும், “ஒண்ணை வச்சுக்கிட்டு அவ்வளவு நீள வண்டியா!” என்று தலையை ஆட்டினார்.

குழாய்க்கு நான் வாங்கிய பாகம் எதுவும் இல்லை. மொபைல் வேலைக்கு வைத்திருக்கும் 30 கேஜ் கறுப்பு ஒயர்தான். உள்ளே 0.25 மி.மீ. செம்பு, மேலே உறையோடு 0.5 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 43 மி.மீ.; நிஜ ஹோஸின் கனத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. செம்பு இருப்பதால் வளைத்தால் வளைந்தபடி நிற்கும். ஒவ்வொன்றும் 7 மி.மீ. ஒரு முனையில் உறையை ஒரு மி.மீ. உரித்து, செம்பைத் துளையில் செருகும் காலாக விட்டேன். மறுமுனையிலும் அரை மி.மீ. உரித்து, ஈயப் பொட்டு ஒன்று வைத்து, ஆறுவதற்குள் ட்வீசரால் தட்டையாக அழுத்தினால், இரண்டு ஹோஸ்கள் கைகோக்கும் அந்த வாய் கிடைக்கும். பழைய இரும்பு நிறம் ஒரு தொடுதல். முன்னால் ஏழு, பின்னால் ஏழு, மொத்தம் பதினான்கு. கெட்டது ஒன்பது.

டிச் லைட் எனக்கு அன்றாட வேலை. நிஜ விளக்கின் விட்டம் 7 அங்குலம், மாடலில் 2 மி.மீ. 0402 அளவு எல்இடி (ஒரு மி.மீ. நீளம்தான்) அதற்குள் தாராளமாக உட்காரும். 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் போட்டபோது ஏதோ கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி எரிந்தது. 4.7 கிலோ ஓமுக்கு மாற்றியபின் அடங்கியது. மூக்கின் பழைய விளக்குத் துளைகளை அடைக்கவில்லை. 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சிவப்படித்து, ஃபெவிகாலால் மேலே ஒட்டினேன். நாளைக்கே அவருக்கு எழுபதுகள் வேண்டுமென்றால் ஈரத் துணியில் கழன்றுவிடும். கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூ வைப்பதும் இல்லை. அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.

எள்ளளவு சறுக்கல்

மாடலில் இருந்த எண்ணும் படத்தில் இருந்த எண்ணும் கடைசி இலக்கத்தில்தான் வேறு. கேபின் ஜன்னலுக்குக் கீழே இரு பக்கமும் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் அழித்து, டிகால் (நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சு எழுத்து) வைத்தால் போதும். எளிது என்று நினைத்தேன்.

கடையில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் லிட்டர் கணக்கில் இருக்கிறது. போர்டு கழுவுவதற்கு. காட்டன் பட்ஸில் தொட்டு, இலக்கத்தின் மேல் தேய்த்தேன். அசையவில்லை. இரண்டாம் முறை, லேசாக மங்கியது. மூன்றாம் முறை பட்ஸைப் பார்த்தால் வெள்ளையோடு சாம்பலும் ஒட்டியிருந்தது. வலது பக்கம், அதுவும் படத்தில் தெரிகிற பக்கம், எள்ளளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. அடியில், தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்திருந்தால் இது நடந்திருக்காது. கஸ்டமர் போனில் அப்படிச் செய்யாமல் எதையும் தொடுவதில்லை நான். இதில் ஏன் செய்யவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இடது பக்கத்தை டிகால் இளக்கும் திரவமான மைக்ரோ சோலை வைத்துச் செய்தேன். பத்து நிமிஷம் ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியின் நுனியைக் கடித்துப் பிரஷ் மாதிரி ஆக்கித் தேய்த்ததில் இலக்கம் மட்டும் போனது. பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வலது பக்கத்துக்குச் சாம்பல் கலந்தேன். என் மேஜை எல்இடி வெளிச்சத்தில் தெரியவே தெரியாத அளவுக்குப் பொருந்தியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் ஷட்டர் திறந்து வெயிலில் பார்த்தால் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பெயின்ட்டின் நிறமிகள் வேறு என்றால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்து நிற்கும். அவர் மாடியில் என்ன விளக்கு என்று போன் போட்டுக் கேட்டேன். மஞ்சள் வெளிச்சம் என்றார். அதே மாதிரி ஒரு பல்பு வாங்கி மாட்டி, அதன் கீழே மறுபடி கலந்தேன். இந்த முறை நீலத்தைக் குறைத்து ஒரு துளி காவி. முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் தெரிந்த கண்ணுக்குத் தெரியும்.

வழி காட்டியவர் அந்த லோகோ பைலட்தான். ஒட்டிய ஸ்க்ரீன் கார்டில் குமிழி வந்துவிட்டதென்று திரும்பி வந்தவர், புதுச் சாம்பலைப் பார்த்துவிட்டு, “ஜன்னலுக்குக் கீழ இவ்வளவு சுத்தமா எந்த எஞ்சின் இருக்கும்? கைய வெளிய போட்டுத்தான உக்காந்திருப்போம்” என்றார். கையுறையின் எண்ணெயும் முழங்கை அழுக்கும் அந்த இடத்தில் படிந்து படிந்து கறையாகவே இருக்குமாம். தொப்பூர் ஏற்றத்தில் எட்டாவது நோட்ச்சில், அதாவது முழு விசையில், போகும்போது புகைபோக்கிக்குப் பின்னால் கூரையில் கரி எப்படிப் படியும் என்பதையும் விரலால் வரைந்து காட்டினார். கைப்பிடிக் கம்பியில் கை படும் இடம் மட்டும் பெயின்ட் போய் மினுங்கும். படிக்கட்டின் ஓர வெள்ளை, கால் வைக்கும் நடுப்பகுதியில் தேய்ந்திருக்கும். “துரு வேகன்ல ஒழுகும் தம்பி. எஞ்சின்ல எண்ணெய்தான் ஒழுகும்.”

படத்தை மறுபடி பெரிதாக்கினேன். வலது ஜன்னலுக்குக் கீழே, இலக்கங்களின் மேல்பாதியைத் தொட்டபடி, மங்கலாக ஒரு கறை இருக்கத்தான் செய்தது. ஒரு மாலை முழுக்கப் பார்த்தும் அதை நிழல் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலை ஓடியது. இலக்கம் வரும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. சொரசொரப்பான பரப்பில் டிகால் வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல மின்னும். டிகால், மைக்ரோ சோல், காய்ந்ததும் முழு உடம்புக்கும் மெலிதாக மேட் வார்னிஷ். ஸ்ப்ரே டப்பாக்களை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக். மழை நாளில் அடித்தால் பனி மூடியதுபோல வெளுத்துவிடும் என்று பயந்து, வெயில் நாளுக்காக நான்கு நாள் காத்திருந்தேன். அழுக்குக்கு பேஸ்டல் சுண்ணாம்பைத் தூளாக்கி மென்மையான பிரஷ்ஷில். நம்ம ஊர்ச் செம்மண்ணையே சலித்துப் போடலாமா என்று ஒரு சபலம் வந்தது. ஆனால் அந்தத் துகள் இந்த அளவுக்கு ரொம்பப் பெரிசு. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் ஒட்டியது. மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. வலது ஜன்னலுக்குக் கீழே எண்ணெய்க் கறையை மூன்று மெல்லிய பூச்சாக, படத்தில் இருந்த அளவுக்கு மட்டும் வைத்தேன். சேதம் அதற்கு அடியில் போய்விட்டது.

மாடியில்

கடையில் ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளம்தான் இருக்கிறது. அதில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போனேன். அவர் பெட்டியைத் திறந்து, பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. டிச் லைட்டைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். அப்புறம் பன்னிரண்டு வேகனை மாட்டி ஓட்டினார்.

முதல் வளைவிலேயே எஞ்சினை ஒட்டிய வேகன் தடம் புரண்டது.

கப்ளர் கேடீ. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கியது, அவர்கள் பெயரின் முதலெழுத்துகள்.) வளைவில் கப்ளர் பக்கவாட்டில் ஆட வேண்டும். பின்பக்கம் நான் வைத்த எம்.யூ. குழாய்களில் உள்ளோரத்து இரண்டு அதை ஆடவிடாமல் தடுத்தன. கப்ளர் விறைத்து நிற்க, வேகன் வெளியே தள்ளப்பட்டது. நேர்த் தண்டவாளத்தில் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. மாடிப் படியில் உட்கார்ந்து, அந்த இரண்டு குழாயையும் ட்வீசரால் வெளிப்பக்கம் வளைத்துப் பார்த்தேன், போதவில்லை. கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மி.மீ. வெட்டிவிட்டு, நுனிக்கு மறுபடி ஈயப் பொட்டு வைக்க அவர் வீட்டுச் சால்டரிங் அயர்னைக் கேட்டு வாங்கினேன். பின்பக்கம் மட்டும் ஹோஸ் கொஞ்சம் குட்டை. முன்பக்கம் அவர் வண்டி மாட்டுவதில்லை என்பதால் முழு நீளத்திலேயே இருக்கிறது.

இடது பக்கத்துப் படம் பழைய அட்டைப் பெட்டி ஒன்றில் இருக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் மறுபடி ஷட்டரைப் பாதி இறக்க வேண்டியதுதான்.